முதற்பாட்டின் வெற்றி: ஈழத்துப் பொப்பிசையும் தாராபுரத்துச் செவியும்

இலக்கிய வரலாற்றை எழுதுவோர் நூல்களை எண்ணுவர்; இசை வரலாற்றை எழுதுவோர் வித்துவான்களை எண்ணுவர். நூலுக்கும் வித்துவத்துக்கும் புறத்தே நின்று, ஒரு தலைமுறையின் வாயிலும் காலிலும் வாழ்ந்த பாடல்களை எண்ணுவார் அரியர். 1960களிலும் 1970களிலும் இலங்கையில் எழுந்த பொப்பிசை இவ்வாறு எண்ணப்படாது விடப்பட்ட ஒரு துறையாகும். அதனைக் 'கூத்தாட்டம்' என்று ஒதுக்கியோரும் உளர். 'தேசிய ஒற்றுமையின் குரல்' என்று மிகைபடப் புகழ்ந்தோரும் உளர். இவ்விரு நிலைகளும் ஆய்வுக்கு உதவுவன அல்ல. ஓர் இசைக்குழுவின் முதற்பாடல் எவ்வாறு வெற்றிபெறுகின்றது, அவ்வெற்றிக்குச் சமூகத்தின் எந்த அடுக்குகள் துணைநிற்கின்றன என்பதை ஈழத்து உதாரணங்கள் கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இந்நோக்கிற்கு நாம் தெரிந்துகொள்ளும் நிலைக்களன் கொழும்பு அன்று. மன்னார்த் தீவிலுள்ள தாராபுரம் ஆகும். பாடல் பிறந்த இடத்திலிருந்து அதன் வரலாற்றை எழுதுவதே வழக்கம். அது கேட்கப்பட்ட இடத்திலிருந்தும் எழுதலாம் என்பது எமது துணிபு. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம் மக்களின் ஊராகிய தாராபுரம், தலைமன்னாரை நோக்கிச் செல்லும் தீவுப் பகுதியில் அமைந்தது. தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குக் கடல்வழி ஏறத்தாழ 30 கிலோமீற்றரே. 1914ஆம் ஆண்டு தொடக்கம் புகைவண்டியும் கப்பலும் இத்தீவின் வழியே கொழும்பையும் தமிழகத்தையும் இணைத்தன. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்த பின்னரும் இராமேசுவரத்துக்கான கப்பல் 1984 வரை ஓடியது. இரு நாடுகளும் மூன்று சமயங்களும் நெருங்கிக் கிடந்த இத்தகைய ஓர் ஊரின் செவி, இசை வரலாற்றாசிரியனுக்குப் பயன்மிக்கதொரு கருவியாகும்.

1. வெற்றி என்பது யாது?

மேனாட்டில் முதற்பாடலின் வெற்றியை அளத்தல் எளிது. பீட்டில்ஸ் குழுவினரின் முதல் இசைத்தட்டாகிய 'லவ் மீ டூ' 1962 அக்டோபர் 5ஆம் நாள் பிரித்தானியாவில் வெளிவந்து, விற்பனைப் பட்டியலில் 17ஆம் இடத்தை எய்தியது. பெருவெற்றி என்று கூறத்தக்கது அன்றெனினும், அதுவரை லிவர்ப்பூல் நகரத்துக்கு அப்பால் அதிகம் அறியப்படாதிருந்த நான்கு இளைஞருக்கு நாட்டின் கதவை அது திறந்துவிட்டது. இரண்டு ஆண்டுகளுக்குள் அதே பாடல் அமெரிக்காவில் முதலிடத்தையும் பெற்றது. இங்கே அளவுகோல் விற்பனை, அளப்பது சந்தை.

இலங்கையின் நிலை வேறு. இசைத்தட்டும் அதனை இயக்கும் பெட்டியும் வசதி படைத்தோரின் உடைமைகளாகவே இருந்தன. அளவுகோலாக அமைந்தது வானொலி. 1950இல் வர்த்தக சேவையைத் தொடங்கிய இலங்கை வானொலி, 1967 ஜனவரியில் கூட்டுத்தாபனமாக மாறும் வரையிலும் அதன் பின்னரும் தென்னாசியாவின் செவிகளைத் தன்பால் ஈர்த்து வைத்திருந்தது. அகில இந்திய வானொலி 1952இல் திரைப்பாடல்களை ஒதுக்கத் தலைப்பட்டபோது, அவ்வெற்றிடத்தைக் கொழும்பே நிரப்பியது. அதே ஆண்டு டிசம்பரில் தொடங்கிய 'பினாக்கா கீத்மாலா' என்னும் ஹிந்தி நிகழ்ச்சி பாடல்களை வரிசைப்படுத்தி ஒலிபரப்பியது. தமிழ்ச் சேவையில் எஸ். பி. மயில்வாகனனும் அவருக்குப் பின் வந்த பி. எச். அப்துல் ஹமீத் முதலியோரும் பாக்கு நீரிணையின் இருகரைகளிலும் அறியப்பட்ட குரல்களாயினர். அஞ்சலட்டையில் விருப்பத்தை எழுதி அனுப்பும் நேயரே இங்கு வாக்காளர். தட்டை வாங்க இயலாதவரும் அஞ்சலட்டை வாங்க இயலும். ஆகவே இலங்கையில் ஒரு பாடலின் வெற்றி, பணப்பையின் வெற்றியாக இருப்பதற்கு முன் செவியின் வெற்றியாக இருந்தது எனலாம்.

மின்கலத்தில் இயங்கும் சிறிய திரான்சிஸ்டர் வானொலிப் பெட்டி 1960களில் பரவியமை இம்மாற்றத்தின் பௌதிக அடிப்படையாகும். மின்சாரம் எட்டாத கரையோரக் குடியிருப்புக்கும் அது சென்றது. பெட்டி ஒன்று, கேட்போர் பலர். தேநீர்க்கடையிலும் வாடியிலும் திண்ணையிலும் கூடியிருந்து கேட்கும் இக்கூட்டுக் கேட்பு, பாடலை உடனடியாகவே பொதுவுடைமை ஆக்கிவிட்டது.

2. 'மாங்கோ நந்தா'

இலங்கை இசைக்குழுக்களின் முதற்பாடல்களுள் வரலாற்று முக்கியத்துவம் பெற்றது மூன்ஸ்டோன்ஸ் குழுவினரின் 'மாங்கோ நந்தா' ஆகும். இரத்தினபுரியை அடியாகக் கொண்டு 1960களின் நடுப்பகுதியில் உருவான இக்குழுவின் நடுநாயகமாக விளங்கியோர் அனஸ்லி மாலேவனவும் கிளரன்ஸ் விஜேவர்த்தனவும். இவர்களை நாட்டுக்கு அறிமுகம் செய்தவர் இலங்கை வானொலியின் ஒலிபரப்பாளர் விஜய கொறயா. ஆங்கிலச் சேவையின் 'சற்றர்டே ஸ்ரார்' நிகழ்ச்சியின் வாயிலாகவே அப்பாடல் பரந்த நேயர் கூட்டத்தை எய்தியது. சிங்களப் பாடலொன்று ஆங்கிலச் சேவையின் வழியே புகழ்பெற்றமை மனங்கொள்ளத்தக்கது. ஆங்கிலம் பேசும் நகர மத்தியதர வர்க்கத்துக்கும், சிங்களம் பேசும் சிறுநகர இளைஞருக்கும் இடையே நின்ற சுவரில் அது ஒரு சாளரத்தைத் திறந்தது.

இப்பாடல் வெறுவெளியில் தோன்றியதன்று. 1956இல் வெளிவந்த ஹரி பெலபொன்ரேயின் 'கலிப்சோ' இசைத்தொகுதி கரீபியத் தீவுகளின் பாட்டு முறையை உலகெங்கும் பரப்பியது. இலங்கையிலும் நெவில் பெர்னாண்டோவின் லொஸ் கபலேரோஸ் முதலிய குழுக்கள் கிற்றாரும் கூட்டுக்குரலும் கொண்டு அப்பாங்கில் பாடிவந்தன. அக்குழுக்களின் ஸ்பானியப் பெயர்களே அவை எத்திசையை நோக்கியிருந்தன என்பதைக் காட்டும். மூன்ஸ்டோன்ஸ் செய்த புதுமை, அத்தோட்டத்தில் சிங்களப் பேச்சுமொழியை வேரூன்றச் செய்ததாகும். பின்னாளில் மின்கிற்றாரைச் சிங்கள இசையில் நிலைபெறச் செய்தவர் என்று விஜேவர்த்தன போற்றப்பட்டார். 1943இல் பிறந்த அவர் 1996இல் மறைந்தார். 1970 அளவில் ஜெரால்ட் விக்கிரமசூரிய தொடங்கிய 'சூரிய' இசைத்தட்டு நிறுவனம் இவ்வியக்கத்துக்கு ஓர் உள்நாட்டு உற்பத்தித் தளத்தை அளித்தது. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகிய 1970–1977 காலப்பகுதியில், வெளிநாட்டுத் தட்டுகளின் வரவு குறைந்த சூழலில், உள்நாட்டுப் பாடலின் செல்வாக்குப் பெருகியமை வியப்புக்குரியதன்று.

3. நந்தாவும் மாமியும்

தமிழ்ப் பொப்பிசையின் தொடக்கத்தை நோக்கும்போது நாம் ஒரு சுவையான ஒற்றுமையைச் சந்திக்கின்றோம். துள்ளிசை என்று அழைக்கப்பட்ட இத்துறையின் முன்னோடியாகிய யாழ்ப்பாணத்தவர் நித்தி கனகரத்தினத்துக்குப் பெரும்புகழ் ஈட்டித்தந்த பாடல் 'சின்ன மாமியே' ஆகும். இளைஞன் ஒருவன் மாமியை விளித்து அவளுடைய மகளைப்பற்றி விசாரிப்பதே அதன் பொருள். சிங்களத்தின் புகழ்பெற்ற முதற்பாட்டு 'நந்தா' என்று விளிக்கின்றது; தமிழின் புகழ்பெற்ற துள்ளிசைப் பாட்டு 'மாமி' என்று விளிக்கின்றது. இவ்விரு சொற்களும் ஒரே உறவையே சுட்டுவன.

இஃது ஒருவர் மற்றவரைப் பின்பற்றியதால் நேர்ந்தது என்று நாம் கூறவரவில்லை. அதனினும் ஆழமானதொரு காரணம் உண்டு. சிங்கள உறவுமுறையில் தந்தையின் சகோதரியும், தாயின் சகோதரனுடைய மனைவியும், மனைவியின் தாயும் 'நந்தா' என்னும் ஒரே சொல்லால் அழைக்கப்படுவர். யாழ்ப்பாணத் தமிழில் இம்மூவரும் 'மாமி' ஆவர். மாமன் மகளையோ அத்தை மகளையோ மணத்தல் முறையெனக் கொள்ளும் சமூகத்திலேயே இவ்வாறு மூன்று உறவுகள் ஒரு சொல்லில் அடங்கும். மானிடவியலார் திராவிட உறவுமுறை என வகுத்த இவ்வமைப்பு, வட இந்திய மொழிக்குடும்பத்தைச் சேர்ந்த சிங்களத்தைப் பேசும் மக்களிடையேயும் வழங்குவதை எட்மண்ட் லீச் 1961இலும் நூர் யல்மன் 1967இலும் வெளியிட்ட ஆய்வுகள் விரிவாக எடுத்துக்காட்டின. தமிழின் மச்சான் சிங்களத்தில் 'மஸ்ஸினா'. மாமா அங்கும் 'மாமா'. தாராபுரம் முதலிய ஊர்களின் முஸ்லிம் மக்களும் மாமி, மச்சான் என்ற சொற்களையே வழங்குவர். மதம் மாறினும் மொழி மாறினும் மாமி மாறவில்லை.

ஆகவே, மாமியை நோக்கிய விளி இலங்கையின் எந்த மூலையிலும் விளக்கவுரை வேண்டாது புரியக்கூடியதாக இருந்தது. காதலியைப் பெற்றவள் அஞ்சத்தக்கவள், ஆயினும் கேலி செய்யத்தக்க உரிமையுள்ளவள். முறைப்பெண்ணின் தாய் என்னும் இவ்விரட்டைநிலை நாட்டார் பாடல்களிலே நெடுங்காலமாக நகைச்சுவையின் ஊற்றாக இருந்துவந்தது. மேனாட்டுப் பொப்பிசை 'நானும் நீயும்' என்னும் இருவருலகைப் பாடியது. ஈழத்துப் பொப்பிசை தாயையும் வாயிலில் நிறுத்திப் பாடியது. கருவி அயலது, குடும்பம் நமது.

இவ்விடத்து ஒரு குறையையும் சுட்டுதல் கடன். இப்பாடலில் விளிக்கப்படுபவள் தாய், பேசப்படுபவள் மகள். பெண்ணின் விருப்பம் என்ன என்பது ஆணுக்கும் தாய்க்கும் இடையே நிகழும் பேச்சில் மறைந்துபோகின்றது. மரபைக் கேலி செய்யும் பாடல் மரபின் அடிப்படையைக் கேள்விக்குள்ளாக்குவதில்லை. பொப்பிசையின் துணிச்சலுக்கு இருந்த எல்லை இது.

4. மூன்றன் நடை

பொருளைப் போன்றே தாளமும் ஆராயத்தக்கது. 'பைலா' என்னும் சொல் நடனமாடுதலைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லினடியாகப் பிறந்தது. போர்த்துக்கேயர் 1505இல் இலங்கைக்கு வந்தனர். 1560இல் மன்னாரைக் கைப்பற்றிக் கோட்டையமைத்தனர். 1658இல் ஒல்லாந்தரிடம் அதனை இழந்தனர். அவர்களுடனும் அவர்களுக்குப் பின்னரும் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்க வழியினரின் தாளமும், போர்த்துக்கேயப் பாட்டும் கலந்தே 'கபிரிஞ்ஞா' என்னும் ஆடலிசை தோன்றியது. மேசை, அலமாரி, சாவி என்பன எவ்வழியே நமது வீட்டுக்குள் வந்தனவோ, அவ்வழியேதான் பைலாவும் வந்தது. மேசையை அந்நியப் பண்பாடு என்று எவரும் வெளியே எறிவதில்லை.

பொலிஸ் சேவையில் பணியாற்றிய வோலி பஸ்தியன்ஸ் 1940களில் இவ்விசையைச் சிங்களச் சொற்களோடு இணைத்து மக்கள்மயப்படுத்தினார். எம். எஸ். பெர்னாண்டோ முதலியோர் அதனை மேலும் வளர்த்தனர். பைலாவின் உயிர்நிலை அதன் தாளக்கட்டு. ஒரு சுற்றில் ஆறு எண்ணிக்கைகள். அவை மூன்று மூன்றாகப் பிரிந்து இரண்டு அடிவைப்புகளை உண்டாக்குகின்றன. கால் இரண்டை எண்ணும்போது கை ஆறை எண்ணுகின்றது. இவ்விரு எண்ணிக்கைகளின் இழுபறியே உடலை ஆடத் தூண்டுவது.

தமிழ்ச் செவிக்கு இது புதிதன்று. நமது இசையிலக்கணம் திஸ்ர நடை என்று கூறுவதும் மூன்றன் அடுக்கே. கும்மிப் பாடல்கள் பெரும்பாலும் இந்நடையிலேயே கைகொட்டப்படுவன. எனவே கும்மி கொட்டிய கைக்குப் பைலாவைப் பிடித்துக்கொள்ளப் பயிற்சி எதுவும் வேண்டியிருக்கவில்லை. கத்தோலிக்கரின் கூத்துப் பாட்டும் முஸ்லிம்களின் றபான் ஒலியும் மீனவரின் அம்பாப் பாட்டும் அருகருகே வழங்கிய மன்னார்க் கரையில், புதியதொரு ஆடல் தாளம் அந்நியமாக ஒலித்திருக்க இயலாது என்று நாம் கருதுவதற்கு இதுவே ஆதாரம்.

இக்கலப்பின் மற்றொரு விளைவு 'சுராங்கனி'. ஏ. ஈ. மனோகரன் பாடிப் புகழ்பெறச் செய்த இப்பாடல், மீன் கொண்டுவந்திருப்பதாக ஒருத்தியை அழைக்கும் எளிய கருத்தைச் சிங்களமும் தமிழும் விரவிய நடையில் கூறுவது. 1977இல் வெளிவந்த 'அவர் எனக்கே சொந்தம்' என்னும் தமிழகத் திரைப்படத்தில் இளையராஜா இதனைக் கையாண்டார். திரைப்பாடல் தமிழகத்திலிருந்து இலங்கைக்கு வருவதே வழக்கமாயிருந்த ஒரு நீரோட்டத்தில், எதிர்த்திசையில் நீந்திச் சென்ற மீன் இது. மனோகரன் 1978இல் 'வாடைக்காற்று' என்னும் ஈழத்துத் திரைப்படத்திலும் நடித்தார். 2018இல் சென்னையில் காலமானார். நித்தி கனகரத்தினம் அவுஸ்திரேலியாவில் குடியேறினார். பாடகர் இருவரும் தீவை விட்டு அகன்ற பின்னரும் பாடல்கள் தீவில் தங்கின.

5. இரு தரப்பு விமர்சனம்

பொப்பிசைமீது முற்போக்காளர் முன்வைத்த குற்றச்சாட்டு எளிதில் தள்ளத்தக்கதன்று. வெகுசன இசை, கேட்பவனைச் சிந்தனையற்ற நுகர்வோனாக்குகின்றது. ஒரே அச்சில் வார்க்கப்பட்ட பண்டத்தைப் புதுமையென்று விற்கின்றது என தியோடர் அடோர்னோ 1941இலேயே வாதிட்டார். வேலையின்மையும் 1971 ஏப்ரல் கிளர்ச்சியும் நாட்டை உலுக்கிய காலத்தில் மாமியையும் மீனையும் பாடிக்கொண்டிருந்தமை பொறுப்பின்மை அன்றோ என்ற வினா நியாயமானதே.

ஆயினும் இரு உண்மைகளை மறத்தலாகாது. முதலாவது, ஈழத்துத் துள்ளிசை பெருந்தொழில் முதலின் படைப்பன்று. தட்டு விற்று வாழக்கூடிய சந்தையே தமிழிற் பெரிதாக இருக்கவில்லை. ஒரு கிற்றாரும் கூடிநிற்கும் நண்பருமே அதற்குப் போதிய மூலதனம். இரண்டாவது, அது பேச்சுத்தமிழுக்கு மேடையில் இடம் தேடித்தந்தது. சாஸ்திரிய சங்கீதம் தெலுங்கிலும் வடமொழியிலும், மெல்லிசை செந்தமிழிலும் நின்ற வேளையில், யாழ்ப்பாணத்து முற்றத்து மொழி மெட்டோடு வெளிப்பட்டது. மண்வாசனைப் படைப்பைக் கோரிய விமர்சகர்கள், அம்மண்வாசனை கிற்றாரோடு வந்தபோது முகஞ்சுளித்தமை ஒரு முரண்பாடேயாகும்.

மறுதரப்பின் புகழுரையையும் நாம் அப்படியே ஏற்பதற்கில்லை. 1956இன் மொழிச் சட்டத்துக்குப் பின், சிங்களமும் தமிழும் பள்ளியிலும் அலுவலகத்திலும் பிரிந்து நின்ற காலத்தில், இரு மொழியாரும் ஒரே தாளத்துக்கு ஆடினர் என்பது உண்மை. ஆனால் ஒரே தாளத்துக்கு ஆடியமை 1983 ஜூலையைத் தடுக்கவில்லை. 1990 அக்டோபரையும் தடுக்கவில்லை. பண்பாட்டு உறவு அரசியல் நீதிக்கு மாற்றாகாது. பகிர்ந்துகொள்ளப்பட்ட தாளம், பகிர்ந்து வாழ்தல் இயலும் என்பதற்குச் சான்று. அதற்கு உத்தரவாதம் அன்று.

6. கேட்டவர்களின் வரலாறு

1990 அக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, தாராபுரம், எருக்கலம்பிட்டி முதலிய மன்னார்த் தீவின் ஊர்களும் வெறுமையாயின. சில நாள் அவகாசத்தில், உடைமைகளின் மிகச்சிறு பகுதியோடு, கடல்வழியே கற்பிட்டிக்கும் புத்தளத்துக்கும் மக்கள் சென்றனர். வீட்டுப் பொருள்களை விட்டுச் செல்ல நேர்ந்த ஒரு மக்கட்கூட்டத்திடம் வானொலிப் பெட்டியையும் இசைத்தட்டையும் இன்று தேடுவது வீண். அவர்களோடு சென்றது அவர்களின் நினைவு மட்டுமே. அவர்கள் போய்ச் சேர்ந்த புத்தளம் மாவட்டத்தின் சிரம்பையடியில், ஆபிரிக்க வழிவந்த ஒரு சிறு சமூகம் பைலாவின் மூதாதை எனத்தக்க 'மாஞ்சா'ப் பாடல்களை இன்றும் பாடிவருகின்றது. இடம்பெயர்க்கப்பட்டோர் இருசாராரையும் வரலாறு ஒரே மாவட்டத்தில் சேர்த்துவைத்தது. ஒருசாரார் பல நூற்றாண்டுகளுக்கு முன் கொண்டுவரப்பட்டோர். மறுசாரார் ஒரு கிழமைக்குள் துரத்தப்பட்டோர்.

2009க்குப் பின் ஒரு பகுதியினர் மீண்டும் தாராபுரம் திரும்பினர். 2015இல் தலைமன்னாருக்குப் புகைவண்டியும் திரும்பியது. பாடல்களும் திரும்புகின்றன, புதிய ஊர்திகளில். 2021இல் யொஹானி பாடிய 'மெனிகே மகே ஹித்தே' என்னும் சிங்களப் பாடல், அஞ்சலட்டையும் அலைவரிசையும் இன்றியே கடல் கடந்து பன்மொழிகளில் மறுபடைப்புப் பெற்றது. ஊடகம் மாறினும், அறியாத மொழியைத் தாளத்தின் வழியே ஏற்றுக்கொள்ளும் செவி மாறவில்லை என்பதற்கு அஃது அண்மைச் சான்று.

ஆயின் பழைய செவிகள் மறைந்து வருகின்றன. 'மாங்கோ நந்தா'வைத் தமது பதினைந்தாம் வயதிற் கேட்டவர்கள் இன்று எழுபதைக் கடந்தவர்கள். பாடியவர்களின் வரலாறு ஓரளவேனும் எழுதப்பட்டுள்ளது. கேட்டவர்களின் வரலாறு எழுதப்படவில்லை. எந்தப் பெட்டியில், யாருடைய திண்ணையில், எவருடன் இருந்து கேட்டனர். சிங்களச் சொற்களை எவ்வாறு பொருள் கொண்டனர். திருமண வீட்டில் எப்பாடலுக்கு இடமிருந்தது, எதற்குத் தடையிருந்தது. புத்தளத்து முகாம்களில் அவற்றை மீண்டும் பாடினரா என்னும் வினாக்களுக்கு விடை நூலகத்தில் இல்லை, வீடுகளிலேயே உண்டு. பல்கலைக்கழகத் தமிழ் மாணவர்கள் நாட்டார் பாடல்களை ஒலிப்பதிவு செய்யச் செல்லும்போது, தாலாட்டையும் ஒப்பாரியையும் கேட்பதோடு நின்றுவிடாது, வானொலியில் முதன்முதல் மனத்தைக் கவர்ந்த பாடல் எது என்னும் வினாவையும் சேர்த்துக் கேட்பார்களாயின், ஒரு பெருங்குறை நீங்கும்.

ஒரு முதற்பாடலின் வெற்றி, தட்டு விற்ற எண்ணிக்கையோடு முடிந்துவிடுவதில்லை. தட்டு உடைந்து, பெட்டி பறிபோய், ஊரும் இழந்த பின்னரும் ஒருவரது நாவில் அது எஞ்சியிருக்குமாயின், அந்த எச்சமே அதன் உண்மையான அளவு. அவ்வளவை எடுக்க வேண்டிய காலம் இது. தாராபுரத்தின் முதியோர் நம்மிடையே இருக்கும்போதே எடுத்தல் வேண்டும்.